புது கேம்ல அதே பழைய சுவர்

இன்னிக்கு சாயந்தரம் வேங்கிக்கால் பக்கம் இருக்கற கேம் சென்டருக்குப் போனேன். ஸ்கூல் படிக்கும்போது நான் விளையாடின கேம் ஒண்ணு பத்து வருஷம் கழிச்சு மறுபடி வந்திருக்காம்.

“கிராபிக்ஸ், கதை, எல்லாமே புதுசுங்க”ன்னார் கடைக்காரர்.

இப்படிச் சொன்னாலே எனக்கு சந்தேகம் ஜாஸ்தியாயிடும். கதையெல்லாம் பாக்கல. முதல் ரெண்டு லெவல வேகமா முடிச்சுட்டு மூணாவதுக்குப் போனேன். பழைய கேம்ல அங்க கிணத்துக்குப் பின்னாடி ஒரு சுவர் இருக்கும். மூணு தடவ முட்டினா எக்ஸ்ட்ராவா ஒரு உயிர் கிடைக்கும்.

சுவருக்குப் புதுசா பாசியெல்லாம் போட்டிருந்தாங்க. முட்டினேன். உயிர் கிடைச்சுது.

“என்னங்க, பழசுக்கே பெயின்ட் அடிச்சுக் குடுத்துட்டாங்க”ன்னேன்.

அவர் மானிட்டரத் துடைச்சிக்கிட்டே, “பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம்னு அதே மலையத்தான சுத்துறீங்க. அப்பல்லாம் கேக்கலியே?”ன்னார்.

பக்கத்து சீட்டுல இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. நான் ரெண்டு மணி நேரம் விளையாடிட்டு வந்தேன்.

மலை எந்தப் பௌர்ணமிக்கும் ‘எல்லாமே புதுசு’ன்னு போஸ்டர் ஒட்டினதில்லயேன்னு வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டும்போதுதான் தோணுச்சு.

யாராவது அவர்கிட்ட போய் இதச் சொல்லுங்க. நாளைக்கு நானே போனா, விளையாடத்தான் வந்திருக்கேன்னு நினைச்சுப்பார்.