உப்பில்லாத பாட் தாய்

முதலில் காட்டிக்கொடுத்தது என் கால் மெட்டிதான். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, துலக்கலாம் என்று கழற்றப் பார்த்தேன். அசையவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை. நாளெல்லாம் பவர்லூம் பக்கத்தில் நின்ற வீக்கம் என்று விட்டுவிட்டேன். பிறகு காலை வேளைகளில் முகமும் உப்பத் தொடங்கியது. "நல்லா சதை போட்டுகினு வர்றியே" என்று பக்கத்து வீட்டுக்காரி சந்தோஷப்பட்டாள். உண்மையைச் சொன்னால் நானும் சந்தோஷப்பட்டேன்.

சித்தூரில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, திருப்பதிக்குப் போகச் சொன்னார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ளவேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இனி வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்றார் டாக்டர். அதை அழாமல்தான் கேட்டுக்கொண்டேன். அழுகை வந்தது அடுத்த அறையில், உணவு ஆலோசகர் அம்மா விரல்களை மடக்க ஆரம்பித்தபோது.

உப்பு கூடாது. புளி, வெல்லம், இளநீர், வாழைப்பழம் கூடாது. பொட்டாசியம் (அளவு மீறினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய தாது) ஏறிவிடும். வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரான நகரியில் சட்னி என்றாலே வேர்க்கடலைதான். ஆனால் எனக்கு அழுகை வந்தது சட்னிக்காக இல்லை.

என் கணவர் முனிரத்தினம் தறி மெக்கானிக். கல்யாணத்துக்கு முன் தாய்லாந்தில் ஒரு நெசவு மில்லில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து பாட் தாய் சமையல். அரிசி நூடுல்ஸைப் புளி, வெல்லம், மீன் சாஸ், முட்டை, முளைகட்டிய பயறு எல்லாம் சேர்த்துப் பெரிய தீயில் வதக்கி, மேலே வேர்க்கடலைப் பொடி தூவுவார். வேறு எதுவும் அவருக்குச் சமைக்கத் தெரியாது. வெந்நீர் வைத்தால்கூட அடிபிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு அடுப்படி விடுமுறை. உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வரும். அந்த அம்மா மடக்கிய விரல்களில் பாதி, என் ஞாயிற்றுக்கிழமையைத்தான் மடக்கின.

நான் சாப்பிடுவதை விட்டேன். பிடிவாதம் இல்லை, வாயில் வைத்தால் இறங்கவில்லை. பார்க்க வந்த உறவெல்லாம் ஆளுக்கு ஒரு குலை இளநீரோடு வந்தது. அன்போடு கொண்டுவந்த விஷத்தை வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்ல வேண்டியிருந்தது. அல்புமின் (இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம்) இறங்கிக்கொண்டே போனது. சாப்பிடாவிட்டால் உடம்பு டயாலிசிஸைத் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லாமல் என் கணவரிடம் சொன்னார். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.

"போதும்ங்க. இனிமே திருப்பதிக்கு இட்டுகினு போவாதீங்க. வூட்லயே இருந்துடறேன்" என்றேன்.

அவர் எழுந்து அடுப்படிக்குள் போனார்.

தறி கோளாறு செய்தால் அவர் எல்லாவற்றையும் பிரிக்கமாட்டார். ஒரு பாகத்தை மாற்றுவார், ஓட்டுவார், நின்று கேட்பார். பாட் தாயையும் அப்படித்தான் பிடித்தார். முதலில் "சோடியம் குறைவு" என்று அச்சிட்ட உப்புப் பாக்கெட் ஒன்றை வெற்றி வீரர் மாதிரி வாங்கி வந்தார். நல்லவேளை, திறப்பதற்கு முன் உணவு ஆலோசகரிடம் காட்டினோம்.

"ஐயோ, இதி சாலா டேஞ்சர் அம்மா!" என்று அந்த அம்மா தெலுங்கில் பதறி, பாக்கெட்டைப் பிடுங்கியே வைத்துக்கொண்டார். சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தைத்தான் போட்டிருக்கிறார்களாம். இதைப் படிக்கும் சிறுநீரக நோயாளிகள் தயவுசெய்து கவனியுங்கள்.

பிறகு புளிக்குப் பதில் சில சொட்டு எலுமிச்சை. வெல்லத்துக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை. பயறையும் முட்டைக்கோசையும் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சேர்த்தார். முட்டையில் வெள்ளை மட்டும். மீன் சாஸுக்குப் பதிலாகப் பூண்டைக் கருகும் எல்லைவரை வறுத்தார். முதல் வாரம் மருந்துக்கடை வாசனை, அடுத்த வாரம் எலுமிச்சைச் சாதத்தின் ஏழைத் தங்கை. நான் இரண்டு வாயில் தட்டை நகர்த்திவிடுவேன். "இன்னா கொறையுது, அத்த மட்டும் சொல்லு மே" என்பார்.

"பல்லுல எதுவும் கடிபடல" என்றேன் ஒருநாள்.

அடுத்த ஞாயிறு, நூடுல்ஸில் ஒரு பிடியை ஊறவைக்காமல் எண்ணெயில் போட்டுப் பொரித்து, நொறுக்கி மேலே தூவினார். வேர்க்கடலை இருந்த இடத்தில் அது மொறுமொறுத்தது. தட்டைக் காலி செய்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தறியைக் கேட்பதுபோல் நான் மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

இந்தச் சோதனை தொடங்கிய நாள் முதலே ஞாயிறுதோறும் இரண்டு வாணலி. எனக்கு ஒன்று, அவருக்கும் மகள் சுகன்யாவுக்கும் பழைய முறையில் ஒன்று. அவர் தன் பங்கை அடுப்படியிலேயே நின்றபடி முடித்துவிடுவார். அல்புமின் மெல்ல ஏறியது. ஆனாலும் பக்கத்து வாணலியின் வாசனை வரும்போதெல்லாம், நிஜமான பாட் தாய் அங்கே இருக்கிறது என்று மனசு அடித்துக்கொள்ளும்.

சுகன்யாவின் பிறந்தநாள் ஒரு ஞாயிறன்று வந்தது. அவள் அவசரத்தில் தட்டை மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு வாய் வைத்தேன். நாக்கு சுரீரென்றது. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்த மாதிரி இருந்தது.

"துப்பு மே, துப்பு!" என்று அவர் ஓடிவந்து தட்டைப் பிடுங்கினார்.

துப்பிவிட்டுச் சிரித்தேன். இதற்காகவா இத்தனை மாதம் ஏங்கினேன்? அவர் நம்பாமல் அதே தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். அவர் முகமும் கோணியது.

"இன்னா நைனா, எப்பவும் போட்ற உப்புதானே?" என்றாள் சுகன்யா. அவள் பழைய முறை வாணலியோடு எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "நீங்க எதுல துன்னுகினு இருந்தீங்க?"

அவர் அடுப்பைப் பார்த்தார். "உன் வாணலில ஒட்டிக்கினு இருக்கும்ல, அத்த."

"எவ்ளோ நாளா?"

"அந்த உப்பு பாக்கெட்ட புடுங்கிக்கினாங்களே, அன்னிலேர்ந்து."

என் தட்டை நடுவில் வைத்தேன். இருவரும் அதிலேயே சாப்பிட்டோம்.

இப்போது எனக்குக் கிழமை தெரிவது மெட்டியால்தான். டயாலிசிஸ் முடிந்த மாலை அது விரலில் சுற்றும், நூல் சுற்றி இறுக்கவேண்டும். ஞாயிறு கழிந்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள், திங்கட்கிழமையும், பிடித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது, நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

"இன்னாங்க, திருப்பதி பஸ்ஸு போயிடப்போவுது, வாங்க."