என் செருமலும் கயலின் பிரெஞ்சும்

போன வாரம் ஈ.என்.டி. டாக்டரிடம் போயிருந்தேன்.

தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்குக்குள் பார்த்தார். கடைசியில் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். அதற்கு மருந்து கிடையாது என்று தெரிந்திருக்க வேண்டும், நோட்டில் எதுவும் எழுதவில்லை.

"எத்தனை வருஷமா சார் இப்படிச் செருமிக்கிட்டே இருக்கீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேர்ந்து டாக்டர். அதனாலதான் வீட்டம்மா மேல பழி போட முடியலை."

"சைனஸ்தான். ரெண்டு வாரம் இந்த மாத்திரை சாப்பிடுங்க. சுத்தமா நின்னுடும்."

நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். தயங்கினேன்.

"என்ன சார் யோசிக்கிறீங்க? சின்ன மாத்திரைதான்."

"மாத்திரை இல்ல டாக்டர்... ஒரு குழந்தையோட படிப்பு விஷயம்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். டோக்கன் போட்டுக்கொண்டா வந்திருக்கிறீர்கள்?

என் தங்கை மங்கை சிதம்பரத்தில் இருந்தாள். மச்சான் செல்வம் மருந்து கம்பெனிப் பிரதிநிதி. இரண்டு பெண்கள். பெரியவள் கயல், அஞ்சாவது முடித்திருந்தாள். சின்னவள் தேனு, நாலாவது. இந்தக் கோடையில் மச்சானைப் புதுச்சேரிக்கு மாற்றிவிட்டார்கள். வீடு கிடைத்தது. பள்ளிக்கூடமும் கிடைத்தது... ஒரு சிக்கலோடு.

அந்தப் பள்ளியில் அஞ்சாவதிலேயே பிரெஞ்சு ஆரம்பித்துவிடுகிறார்களாம். தேனுவுக்குக் கவலை இல்லை, மற்ற பிள்ளைகளோடு முதல் பாடத்திலிருந்து தொடங்குவாள். கயல் விஷயம் வேறு. "ஆறாவதுல சேரணும்னா நாலு கேள்விக்காவது பிரெஞ்சுல வாயைத் திறந்து பதில் சொல்லணும். இல்லைன்னா அஞ்சாவதுலயே இன்னொரு வருஷம் உட்காரட்டும்" என்று சொல்லிவிட்டார் அங்கிருந்த டீச்சர். ஒரு மாதம் அவகாசம்.

இன்னொரு வருஷம் அஞ்சாவது என்றால் என்ன அர்த்தம்? தங்கச்சியோடு ஒரே வகுப்பு! கயல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. தேனு இரண்டு பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, ஜன்னல் ஓரம் எனக்கு. நீ உள்ள உட்காரு" என்று இடம் பிரித்துக் கொடுத்தாளாம்.

மச்சான் எனக்குப் போன் போட்டார்.

"நீங்கதான் மச்சான் காப்பாத்தணும். கடலூர்லேர்ந்து பாண்டி எம்மாந் தூரம்? உங்களுக்குத் தெரியாத பிரெஞ்சா?"

கடலூர் ஆண்களுக்கும் பாண்டிக்கும் உள்ள உறவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் பாட்டில் லேபிளில் ஆரம்பித்து பாட்டில் லேபிளிலேயே முடிந்துவிடும். அஞ்சாவது முடித்த குழந்தைக்கு அதையா சொல்லித் தருவது? ஆனால் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஆண்களுக்குக் கிடையாது. "பார்த்துக்கலாம் மச்சான்" என்றேன்.

'சிறுவர்களுக்கு எளிய பிரெஞ்சு' என்று ஒரு சி.டி. வாங்கினேன். ஒரு பெண்மணி தேன் குரலில் ஒரு வாக்கியம் சொல்கிறார். பிறகு மூன்று விநாடி மௌனம், கேட்பவர்கள் திருப்பிச் சொல்வதற்காக. அருமையான ஏற்பாடு. ஆனால் மங்கை வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. செல்போன்தான்.

சி.டி.யில் இருப்பதைச் செல்போனுக்கு எப்படிக் கொண்டுபோவது? ஒரு கேபிளைச் செருகினால் இரண்டு நிமிஷ வேலை என்று பிறகு சொன்னார்கள். எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. நான் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் என் செல்போனை ஏந்திப் பிடித்துக்கொண்டு மூன்று மத்தியானம் உட்கார்ந்து ரெக்கார்ட் செய்தேன். ஃபேனை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். மிக்ஸி போடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு. சட்னி இல்லாத மூன்று நாட்கள். கரண்ட் கட் வேறு — பாதிப் பாடத்தில் அந்த அம்மா வாயடைத்துப் போவார். மறுபடி முதலிலிருந்து.

எப்படியோ முடித்தேன். நகத்தளவு மெமரி கார்டைக் கவரில் போட்டு மச்சானிடம் கொடுத்தேன். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினேன்.

போட்டுக் கேட்டுப் பார்த்தாயா என்று கேட்கிறீர்களா? பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் முன்னால் மாணவியின் முன்னேற்றத்தைப் பார்வையிடச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். குடிகாட்டில் கெமிக்கல் ஃபேக்டரி நாற்றத்துக்கு எல்லோருடைய கைக்குட்டையும் மூக்குக்குப் போனது, செம்மங்குப்பம் தாண்டியதும் பைக்குத் திரும்பியது. நான் மட்டும் வழியெல்லாம் செருமிக்கொண்டே போனேன்.

கயல் நிமிர்ந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"போன்ழூர். க்ர்ம்ம்."

சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன்.

"ழெ மாப்பெல் கயல். க்ர்ம்ம். ழாபித் ஆ சிதம்பரம். க்ர்ம்ம்." பெயரும் ஊரும் சொல்கிறாள் என்று புரிந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வாம்மா."

"எதுக்கு மாமா?"

"தொண்டை கட்டியிருக்கே."

"அது தொண்டை இல்ல மாமா. பிரெஞ்சு."

செல்போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். அந்த அம்மா 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்கிறார். மூன்று விநாடி மௌனம். அந்த மௌனத்தின் நட்டநடுவில், மைக் வைத்து எடுத்ததுபோல, 'க்ர்ம்ம்'. என் தொண்டை! அடுத்த வாக்கியம். மௌனம். 'க்ர்ம்ம்'. ஒன்றுகூடத் தப்பவில்லை.

எனக்கு மௌனம் என்றாலே தொண்டை அரிக்கும். இழவு வீட்டில்கூட என்னைக் கடைசி வரிசையில்தான் நிற்க வைப்பார்கள். அவரவர் செருமல் அவரவர் காதில் விழுவதில்லை.

"கேட்டுட்டுத் திருப்பிச் சொல்லணும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?" கயலின் உதடு துடித்தது. "எல்லாத்தையும் அப்படியே படிச்சேன்..."

மங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏண்ணே, நீ ஒரு மாசமா என் பொண்ணுக்குச் சளியைச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

"மங்கை, டெக்னிக்கலா பார்த்தா..."

"ஒண்ணும் பார்க்க வேணாம். கயலு, வாயை மூடிக்கிட்டு... இல்ல, வாயைத் திறந்து பேசு. செருமாதே!"

அங்கேதான் வந்தது வினை. செருமலை எடுத்துவிட்டால் வாக்கியமே வரவில்லை. கிக்கர் இல்லாத ஆட்டோ மாதிரி நிற்கிறாள். ஒரு வாக்கியம் முடிந்ததற்கு அடையாளமே அவளுக்கு அதுதான். அடக்கு அடக்கு என்று அம்மா மிரட்ட, அவள் மூச்சைப் பிடித்து அடக்க, வெளியே வர வழியில்லாத செருமல் அப்படியே உள்ளே போய் 'ர்' என்ற எழுத்தில் உட்கார்ந்துகொண்டது. 'போன்ழூர்' என்று சுத்தமாக ஆரம்பிப்பாள். கடைசி எழுத்து தொண்டைக் குழியில் சிக்கி, கரகரவென்று, எங்கேயோ ஜல்லி கொட்டுகிற சத்தத்தோடு முடியும்.

"ஜாஸ்தியாயிடுச்சு" என்று தேனு தீர்ப்புச் சொன்னாள். "அக்கா, என் டிபன் பாக்ஸ்ல கை வைக்கக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

இன்டர்வியூ அன்று நானும் போனேன். குற்றவாளி ஆஜராக வேண்டுமல்லவா? மச்சானும் மங்கையும் கயலோடு உள்ளே உட்கார்ந்தார்கள். நானும் தேனுவும் வராந்தாவில், திறந்த ஜன்னலுக்கு வெளியே. பிரெஞ்சு டீச்சர் வெள்ளைப் புடவையில் ஓர் அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு முதல் கேள்வி கேட்டார்.

கயல் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி கேட்டார். கயல் தரையைப் பார்த்தாள். ஒரு குழந்தையின் ஒரு வருஷம்... என் தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

டீச்சர் பொறுமையாகக் கேள்வியை மாற்றினார். கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். கயல் நிமிர்ந்தாள். ஜன்னலில் தேனு. இரண்டு விரலைக் காட்டி, 'ஒரே பெஞ்சு' என்று சைகை செய்துகொண்டிருக்கிறாள்.

கயலின் கண் சிவந்தது.

"ழே உய்ன் பெத்தித் ஸெர்ர்ர்..."

எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் என்று அர்த்தமாம். அந்தக் கடைசி 'ர்' அடிவயிற்றில் கிளம்பி, தொண்டையை உரசிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் வந்து மோதியது. ஒரு மாதக் கோபம் முழுவதும் அந்த ஒரு எழுத்தில்! பிறகு நிறுத்தவே முடியவில்லை. பெயர், வயது, ஊர், நன்றி, போய் வருகிறேன் — 'ர்' வந்த இடமெல்லாம் ஜல்லி கொட்டினாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். மங்கை மன்னிப்புக் கேட்பதற்குப் பாதி எழுந்துவிட்டாள்.

"யாரு சொல்லிக் குடுத்தது இந்த 'ர்'?"

பாதி எழுந்த மங்கை மறுபடி உட்கார்ந்தாள்.

"இந்த எழுத்து தொண்டைலேர்ந்து வரணும். எங்க பசங்க எல்லாம் நாக்கு நுனியில வெச்சு அடிக்குது. நானும் வருஷக்கணக்கா கத்துறேன், ஒண்ணுக்கும் வரலை. இந்தக் குழந்தைக்கு எப்படி வந்துச்சு? பாரீஸ்ல யாராச்சும் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

மச்சான் உண்மை விளம்பி. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"இல்ல மேடம். கடலூர்ல ஒருத்தரு இருக்காரு."

எனக்குச் செருமல் வந்தது. டீச்சர் தலையசைத்து அதை ரசித்தார்.

கயலுக்கு ஆறாவது கிடைத்துவிட்டது. ஜன்னல் ஓரமும் கிடைத்துவிட்டதாகக் கேள்வி.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. மெஷினுக்கு எது பாடம், எது மாமாவின் சைனஸ் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. பிள்ளைகளுக்கும் தெரியாது. நாம் கவனமாகச் சொல்லித்தருவதைவிட, கவனிக்காமல் செருமுவதைத்தான் பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் பிரெஞ்சு டீச்சர் வந்து காப்பாற்றுவாரா என்ன?

இப்போது டாக்டரிடம் நான் ஏன் தயங்கினேன் என்று தெரிந்திருக்கும். அடுத்து தேனுவின் முறை வரும் என்று எனக்குத் தெரியும். மாத்திரை வாங்கிய அன்று மாலையே மங்கை போன் செய்தாள். எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ!

"அண்ணே, அந்த மாத்திரையை இப்பத் தொடாதே. தேனுவுக்கு அடுத்த மாசம் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு இருக்கு. முதல்ல ஒரு கார்டு ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடு."

மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலேயே பிரிக்காமல் இருக்கிறது. மிக்ஸிக்கு மறுபடி தடை உத்தரவு போட்டாயிற்று. க்ர்ம்ம்.