ஸ்டெல்லா மேடம் எழுதாமல் விட்ட வரி

காலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்த ரியாஸ் லால்பேட்டையிலிருந்து போன் செய்தான்.

“மச்சான், ஸ்டெல்லா மேடம் தவறிட்டாங்க. ஹார்ட்டாம். சாயங்காலம் முதுநகர்ல அடக்கம். நீ வரமாட்ட, தெரியும். சொல்லணுமேன்னு சொன்னேன்.”

வருகிறேன் என்றேன். அவன் நம்பவில்லை.

கடலூரில் அந்தக் கல்லூரியில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு இதை எழுதுகிறேன். கணினி ஆய்வகத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் என் பேச்சைக் கேட்டு அவரிடமிருந்து விலகியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். இது முதலில் அவர்களுக்கு.

துறைகளுக்குப் புதிய கணினிகள் வந்த வாரம் நினைவிருக்கும். பழையதிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்றும் வேலை மேடத்துடையது. யாருடைய கணினியையும் அவர் தனியாகத் தொடமாட்டார். நாம் பக்கத்தில் உட்கார வேண்டும். பழைய திரையைப் பார்த்து ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். புதிய திரையில் அது வந்துவிட்டதா என்று பார்த்து, அவர் தாளில் எழுதுவார். கடைசியில் நம் கையெழுத்து. “கண்ணு ஏமாத்தும் சார். வாயால சொன்னாத்தான் எது உட்டுப்போச்சுன்னு தெரியும்” என்பார். உள்ளே எதையும் திறக்கமாட்டார். பெயர்களே அவருக்குப் போதும். “கல்யாண போட்டோ, காதுகுத்து போட்டோன்னு ஆபீஸ் கம்ப்யூட்டர்ல குடித்தனமே நடத்துறீங்க. வாடகை கேக்கலாமான்னு பாக்கறேன்.”

என் முறை வந்தது. சொந்தக் கணினி இல்லை எனக்கு. என்னுடைய எல்லாமே துறைக் கணினியில் இருந்தது. கேள்வித்தாள்கள், கட்டுரைகள், யாரும் வெளியிடாத கவிதைகள். படித்துக்கொண்டே போன வேகத்தில் அதையும் படித்துவிட்டேன்.

“சிதம்பரம் வேலை.”

சிதம்பரத்தில் வேறொரு கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தேன். தாளாளருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம் அசல் சான்றிதழ்கள் வேலையில் சேர்ந்த அன்றே அலுவலக பீரோவுக்குள் போய்விட்டவை.

மேடத்தின் பேனா நின்றது. என்னைப் பார்க்கவில்லை. எழுதவும் இல்லை. “அடுத்தது?” என்றார்.

புதிய கணினியில் ஃபோல்டர் இருந்தது. தாளில் அந்த வரி மட்டும் இல்லை. கையெழுத்துப் போடும்போதே கவனித்தேன். மனதில் குறித்துக்கொண்டவர் தாளில் எதற்குக் குறிக்க வேண்டும்? அப்படித்தான் தோன்றியது.

நான்காம் நாள் தாளாளர் கூப்பிட்டார். “சிதம்பரம் ரொம்பப் புடிச்சிருக்கு போலிருக்கே.”

வேலை போனது. சான்றிதழ்கள் வரவில்லை. அசலைக் காட்ட முடியாததால் சிதம்பரத்து இடம் வேறொருவருக்குப் போனது. நகல்களை வைத்துக்கொண்டு இங்கே சிதம்பரத்திலேயே ஒரு டுடோரியலில் சேர்ந்தேன்.

உங்களிடம் ஒவ்வொருவராகச் சொன்னேன். மேடம் கோப்புகளைத் திறக்கிறார். பிரதி எடுக்கிறார். மேலே கொடுக்கிறார். ஆதாரம் அந்தத் தாள். அதன் பிறகு நீங்கள் பென்டிரைவ் கொண்டுவந்து நீங்களே மாற்றிக்கொள்ளத் தொடங்கினீர்கள். ஆய்வகத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை என்று ரியாஸ் சொன்னான். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடக்கத்துக்குப் போகிற வழியெல்லாம், எதற்காகப் போகிறேன் என்று என்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பேருந்து செம்மங்குப்பம் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வீட்டு வாசலில் பந்தல். உள்ளே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அலுவலக எழுத்தர் குமார் என்னை ஓரமாக அழைத்துப்போனார்.

“அந்தம்மா மேல இன்னும் கோவமா சார்?”

“அதை ஏன் கேக்கறீங்க?”

“லிஸ்ட்ட வாங்கிட்டுப் போவ வந்து அன்னிக்கு உங்க பின்னாடிதான் நின்னேன். நீங்கதான் சத்தமா படிச்சீங்க. தாளாளர் தோண்டித் தோண்டிக் கேட்டாரு, எவனாச்சும் வெளிய போறானான்னு. நான் சொல்லிட்டேன்.”

அவரையும் நம்பவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு நல்லவராக்கப் பார்க்கிறாரோ? “இப்ப எதுக்கு சொல்றீங்க?”

“அவுங்க அப்பவே கண்டுபுடிச்சிட்டாங்க. ‘நான் எழுதாம உட்டத நீ வாயால சொல்லிட்டியே குமாரு’ன்னாங்க. லிஸ்ட்டு நேரா தாளாளர் மேசைக்குத்தான போவும்?”

பட்டியல்கள் தாளாளரிடம் போகும் என்பது எனக்குத் தெரியாது. மேடத்துக்குத் தெரியும்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நான் வந்து சொல்றேன்னுதான் சொன்னேன் சார். ‘அந்த ஆளு என்னையும் நம்பமாட்டாரு, ஒன்னையும் நம்பமாட்டாரு. உடு’ன்னுட்டாங்க.”

அதை நம்பினேன். என்னை அப்படிச் சொல்லியிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

நான் உங்களிடம் சொன்னது பொய். பொய் என்று தெரியாமல் சொன்னேன் என்பதை என் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

சென்ற ஆண்டு மேடத்தைச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். போனை எடுத்துக் குனிந்துகொண்டேன். அவரே வந்தார்.

“சர்டிபிகேட் குடுத்துட்டாங்களா சார்?”

“உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியாமத்தான் கேக்கறேன்” என்றார். கடலூர் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வி. அதற்கு முந்தைய வாரம்தான் சான்றிதழ்கள் கைக்கு வந்திருந்தன. கேட்டபோது அவை என் தோள்பையில் இருந்தன.

குடுத்துட்டாங்க மேடம்.