மீசை இல்லாத லிங்கன்

சாமிக்கண்ணு சார் பொறாமைக்காரர். நான் கோள் சொல்லவில்லை; அவரே என்னிடம் ஒப்புக்கொண்டது.

ஆண்டிமடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளியிருக்கும் எங்கள் ஊர் போர்டு பள்ளிக்கூடத்தில் அவர் பதினாறு வருஷமாக வாத்தியார். கணக்கு சுமாராக நடத்துவார். பூகோளம் அதைவிட மோசம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை ஆபிரகாம் லிங்கன் கதை சொல்லுவார். அமெரிக்காவில் ஜனாதிபதியாக இருந்து அடிமைகளை விடுவித்தவர் கதை. லிங்கன் சிறுவயதில் இரவல் வாங்கிய புத்தகம் மழையில் நனைந்துபோக, அதற்கு ஈடாகப் புத்தகக்காரன் வயலில் மூன்று நாள் சோளத்தட்டை அறுத்தாராம். அந்த இடம் வந்ததும் சார் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, குனிந்து அறுத்தே காட்டுவார். கடைசியில் லிங்கன் மீசையை முறுக்கிவிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். அப்போது சாரும் தன் மீசையை முறுக்குவார். பள்ளிக்கூடத்தைச் சோதிக்க டிப்டி இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் ஹெட்மாஸ்டர் அவரைத்தான் கூப்பிடுவார்: "சாமிக்கண்ணு, லிங்கனை எடுத்து விடுங்க."

1946-ல் நான் எட்டாவது படிக்கும்போது வைத்திலிங்கம் சார் வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வயசு, திருச்சியில் டிரெயினிங் முடித்தவர். பொங்கல் லீவு முடிந்து அரியலூரிலிருந்து கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவர் கையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மாஜிக் லாந்தர். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் பூதக்கண்ணாடி. நடுவில் கண்ணாடிப் படத்தைச் செருகினால் அது எதிரே இருக்கும் துணியில் ஆள் உயரத்துக்குத் தெரியும். பன்னிரண்டு படங்கள் இருந்தன. எல்லாமே லிங்கன்.

"இந்தத் தடவை இன்ஸ்பெக்டருக்கு வைத்திலிங்கம் காட்டட்டும்" என்றார் ஹெட்மாஸ்டர்.

சாமிக்கண்ணு சார் சிரித்தார். "தாராளமா காட்டட்டும். பயாஸ்கோப்புப் பெட்டி தூக்குறதுக்கும் சர்க்கார் டிரெயினிங் குடுக்குதா தம்பி?"

"லிங்கன் முகத்தைப் பிள்ளைங்க பாக்க வேணாமாண்ணே?" என்றார் வைத்திலிங்கம் சார். அவர் மனதில் வஞ்சம் எதுவும் இல்லை. அதுதான் சாமிக்கண்ணு சாருக்கு இன்னும் எரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை நடந்தது. ஜன்னல்களைச் சாக்கால் மூடினார்கள். ஹெட்மாஸ்டரின் எட்டு முழ வேட்டியை நனைத்துக் கூடத்தின் நடுவில் கட்டினார்கள். ஈரத்துணி என்றால் படம் இரண்டு பக்கமும் தெரியும். அதனால் ஊர்த்தெருப் பிள்ளைகளான நாங்கள் லாந்தர் பக்கமும், சேரிப் பிள்ளைகள் வேட்டிக்குப் பின்பக்கமும் உட்கார்ந்தோம். இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தோம்.

முதல் படத்தில் லிங்கன் முகம். கன்னம் ஒட்டி, தாடை நிறையத் தாடி. மூக்குக்குக் கீழே மழமழவென்று இருந்தது.

"சார், மீசையே இல்லியே!" என்று கத்தினான் தங்கசாமி. கூடம் முழுக்கச் சிரிப்பு. "அப்ப எதை முறுக்குனாரு சார்?"

சாமிக்கண்ணு சாருக்கு முகம் கறுத்துப் போயிற்று. பதினாறு வருஷமாக லிங்கனைச் சொன்னவர், லிங்கன் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தார். விறுவிறுவென்று வெளியே போனார். பின்வாசல் வழியாகப் போனதால் வேட்டிக்குப் பின்பக்கம் வந்துவிட்டார் போலிருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டார். அப்போது லிங்கன் கோடரியால் மரம் பிளக்கிற படம் துணியில் தெரிந்தது.

அடுத்த பத்து நாளும் அவர் சரியாகப் பாடம் நடத்தவில்லை. பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் மேலுதட்டைத் தடவிக் காட்டுவார்கள். நானும் காட்டினேன். வைத்திலிங்கம் சார் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டினால் இவர் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்த தட்டியை இழுத்து மூடுவார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். லாந்தர் எரிந்தது. கோடரிப் படம் வந்ததும் சாமிக்கண்ணு சார் எழுந்தார்.

"பிள்ளைங்ககிட்ட நான் ஒரு கேள்வி கேட்டுக்கலாங்களா?"

"கேளுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"லிங்கன் எந்தக் கையில கோடாலி வச்சிருக்காரு?"

"வலது கை!" என்று நாங்கள் கத்தினோம்.

"இடது கை!" என்று வேட்டிக்குப் பின்னாலிருந்து குரல்கள் வந்தன.

நாங்கள் சிரித்தோம். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அங்கிருந்து பார்த்தால் எல்லாமே இடம் வலமாக மாறித்தான் தெரியும். திரும்பி வந்து ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்.

"அடிமைகளை விடுதலை பண்ணுனவர் பாடத்தை இப்படியா நடத்துறீங்க? எல்லாரும் இந்தப் பக்கம் வரட்டும்."

ஹெட்மாஸ்டர் பின்பக்கத்துப் பிள்ளைகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். வைத்திலிங்கம் சார் அவசரத்தில் அடுத்த கண்ணாடியைத் தலைகீழாகச் செருகிவிட்டார். சாமிக்கண்ணு சார் மீசையைத் தடவிக்கொண்டார். பின்பக்கமிருந்து இருபது பிள்ளைகள் வந்தார்கள். முதல் ஆளாக ஆறாம் வகுப்பு மருதாயி வந்து எங்கள் வரிசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். வைத்திலிங்கம் சார் முதல் படத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். நன்றாகவே நடத்தினார்.

பள்ளிக்கூடத்து நோட்டில் இன்ஸ்பெக்டர் எழுதிப்போனதை ஹெட்மாஸ்டரே படித்துக் காட்டினார். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்தி லாந்தர் பாடம் நடத்திய வைத்திலிங்கத்துக்குப் பாராட்டு. சாமிக்கண்ணு பெயர் அதில் இல்லை.

ஊர்க்காரர்களுக்கு மட்டும் அவர் பெயர் ஞாபகம் இருந்தது. அந்த வாரம் தங்கள் பிள்ளைகள் ஒன்பது பேரைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். எங்கள் பெரியப்பா அவரை வழியில் மறித்தார். "கேள்வி கேக்கத் தெரிஞ்ச வாத்தியாரே, ஒம்ம வூட்டுல ஒக்கார வச்சுக்குமே அதுங்கள!"

மறுநாள் காலையில் கிணற்றடியில் மருதாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சிலேட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, அந்தப் பெட்டிக்காரரு ஒங்கள எங்க ஒக்கார வச்சாருன்னு? நாந்தான் கேட்டேன்."

மருதாயி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஒங்க கதையையும் நாங்க தாழ்வாரத்துல நின்னு ஜன்னல் வழியாதான சார் கேட்டோம்? நீங்க சோளத்தட்டை அறுக்கறப்ப குனிஞ்சிடுவீங்க. எங்களுக்கு ஒண்ணுந் தெரியாது. சிரிப்புச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

சார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருஷம் வைத்திலிங்கம் சாரை லாந்தரோடு அரியலூருக்கு மாற்றினார்கள். நானும் எட்டாவது முடித்து வெளியே வந்தேன். வேலை ஒன்றும் அகப்படாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாள் ஆண்டிமடம் காப்பிக் கடையில் சாரைப் பார்த்தேன்.

"நீங்க அன்னிக்கு நல்லதுதான சார் செஞ்சீங்க" என்றேன்.

"நல்லதுக்கா கேட்டேன்? அவன் மூக்க ஒடைக்கக் கேட்டேன். பொறாமைடா. வயிறு எரிஞ்சிச்சு. இப்பவும்தான் எரியிது. அரியலூர்ல அவனுக்குப் பதினெட்டுப் படம் குடுத்திருக்காங்களாம்."

போன மாசம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். தாழ்வாரம் காலியாக இருந்தது. எல்லாப் பிள்ளைகளும் உள்ளே. நிறுத்திய ஒன்பதில் ஆறு பேர் திரும்பி வந்திருந்தார்கள். சாமிக்கண்ணு சார் தலையில் துண்டோடு பெஞ்சு மேல் ஏறி நின்று சோளத்தட்டை அறுத்துக்கொண்டிருந்தார். அங்கே குனிந்தால் கடைசி வரிசைக்கும் தெரியும்.

கையெழுத்துப் போடும் இடம் வந்தது. சார் மீசையை முறுக்கினார்.

"லிங்கனுக்குத்தான் மீசை கெடையாதாமே சார்! எங்கண்ணன் படத்துல பாத்திருக்கான்" என்றான் ஒரு பையன். தங்கசாமியின் தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

"இருந்திச்சிடா. படம் புடிக்கிற அன்னிக்குக் காலையில எடுத்துட்டாரு" என்றார் சார். "அந்தப் பெட்டிக்காரனுக்கு என்ன தெரியும்?"