டெலிபோன் அக்காவுக்கு எட்டாத சத்தம்

நாற்பது வருடம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிந்தவரை யாரும் ஒலிப்பதிவாளர் என்று கூப்பிட்டதில்லை. டெலிபோன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். விருது கொடுத்த மேடையில்கூட அறிவிப்பாளர் வாய் தவறி "டெலிபோன்" என்று ஆரம்பித்துவிட்டு, இருமிச் சமாளித்தார்.

பெயருக்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் அக்கா தொலைபேசி நிலையத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தார். லைனில் கரகரவென்று வந்தால், கம்பி நனைந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா என்று கேட்டே சொல்லிவிடுவார். ஆள் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒரு நாள் ஸ்டூடியோ முதலாளி ஒருவர் போனில் இரைச்சல் என்று காய்ச்சி எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றார் அக்கா. கேட்டார். "உங்க லைன் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குப் பின்னால ஏதோ மெஷின் சுத்துதே, அதுலதான் கோளாறு. ஒரு சுத்துக்கு ஒரு தடவை உரசுது."

அது பாட்டுப் பதியும் டேப் மெஷின். மூன்று மாதமாக இரண்டு மெக்கானிக்குகள் பிரித்துப் போட்டும் பிடிபடாத கோளாறு. மறு வாரமே முதலாளி நேரில் வந்து அக்காவை வேலைக்குக் கேட்டார்.

போனதும் யாரும் நாற்காலி போட்டு உட்கார வைக்கவில்லை. இரண்டு வருடம் டேப் சுற்றினார்; பஞ்சும் ஸ்பிரிட்டுமாக மெஷினைத் துடைத்தார். பிறகு அங்கிருந்த ஒலிப்பதிவாளர் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அன்று பாட வந்தவருக்கு ஒரு பழக்கம், மூச்சு இழுக்கும்போதெல்லாம் தலையை இடப்பக்கம் திருப்புவார். அடுத்த வரியின் முதல் சொல் மைக்கில் விழாது. திருப்பாதீங்க, திருப்பாதீங்க என்று சொல்லிச் சொல்லி எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தார்கள். அக்கா மைக்கை இடப்பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். மனுஷனைத் திருத்துவதைவிட மைக்கை நகர்த்துவது சுலபம் என்பது அவர் கட்சி. மணிக்கட்டு கூடி வந்த ஒலிப்பதிவாளருக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். யார் வந்தாலும் முதலில் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுப்பார். சளியா, தூங்கவில்லையா, வீட்டில் சண்டையா, எல்லாம் குரலில் தெரிந்துவிடும். பிறகுதான் மைக்குக்கு இடம் பார்ப்பார். கம்ப்யூட்டர் வந்தபோது, சத்தத்தைக் கோடு கோடாகக் காட்டும் திரை ஒன்று கூடவே வந்தது. அக்கா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். "பாட்டு கேக்கறதுக்கு. பாக்கறதுக்கு இல்ல" என்றார். அந்தத் துண்டும் பிரபலமாகிவிட்டது. பேட்டி எடுக்க வந்தவர்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

அறுபத்து நாலாவது வயதில் ஒரு திங்கட்கிழமை காலை பாடகி வந்தாள். பத்தொன்பது வயதிலிருந்து அக்காவிடம் பாடுகிறவள், இப்போது நாற்பத்திரண்டு. அவளுடைய ஒன்பது பாட்டுகளுக்கும் குரலையும் வாத்தியங்களையும் அக்கா சேர்த்து முடித்திருந்தார்; வெள்ளிக்கிழமை அவை வெளியே போக வேண்டும். வந்தவள் கார்ச் சாவியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கார்ல போட்டுக் கேட்டேன். என் பாட்டுல பாம்பு சீறுது."

"பாம்பா?"

"ச, ஸ வர்ற எடமெல்லாம் உஸ்ஸு உஸ்ஸுங்குது. தாளத்தட்டு காதைக் கிழிக்குது. பாதியில நிறுத்திட்டேன்."

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. "உன் முன்பல்லுல சந்து இருக்கு. சீறுதுன்னா அதுதான் சீறும்."

"பத்தொன்பது வயசுலயும் இதே பல்லுதானே? அப்ப சீறலையே?"

அக்கா மெஷின் பக்கம் திரும்பினார். முதல் பாட்டை ஓட்டினார். அவருக்கு இதமாக, கொஞ்சம் மந்தமாகக்கூட இருந்தது. பாடகி தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஸ்டூடியோவில் கருவிகளைச் சோதிக்க ஒரு சத்தம் உண்டு. விசில் மாதிரி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். அக்கா அதை எடுத்தார்.

"கையைத் தூக்கு. சத்தம் நின்னதும் எறக்கு. நானும் தூக்கறேன்."

இரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். விசில் ஏறியது; மெலிந்தது; நின்றது. அக்கா கையை இறக்கினார். பாடகியின் கை இறங்கவில்லை.

"மெஷின் நின்னுபோச்சு போல" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஓடுது."

அக்கா எட்டித் திரையின் மேலிருந்த துண்டை இழுத்தார். கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நொடிக்கு ஆறாயிரம் அதிர்வை எப்போதோ தாண்டிவிட்டது. எட்டாயிரம், பத்தாயிரம், பன்னிரண்டாயிரம். பதினாலாயிரத்தில்தான் பாடகி கையை இறக்கினாள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. மற்றவர்களுக்குக் காது மங்கினால் டிவியைச் சத்தமாக வைப்பார்கள், வீட்டில் திட்டு வாங்குவார்கள், முடிந்தது. ஒலிப்பதிவாளருக்கு உச்சத்துச் சத்தம் குறைந்தால், பாட்டில்தான் குறைகிறது என்று நினைத்து ஊருக்கெல்லாம் சேர்த்துக் கூட்டி வைத்துவிடுவார். அக்கா இரண்டு வருடமாக உச்சத்தைக் கூட்டும் குமிழை இம்மி இம்மியாகத் திருகிக்கொண்டு வந்திருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. டெலிபோன் அக்கா செய்தால் அதில் ஒரு விஷயம் இருக்கும் என்று நினைத்தார்கள்.

மருந்துக்கடை வைத்திருந்த அவர் கணவர், அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"தெர்மாமீட்டர் பீப் சத்தம் உனக்குக் கேக்கலன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. காதுல வாங்கினாத்தானே?"

"ஜோக்கா?"

"இல்ல. நெசமாவே சொன்னேன். 'எங்கிட்டயே காதைப் பத்திப் பேசறீங்களா'ன்னு எழுந்து போயிட்ட."

அக்காவுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை முதல் ஆளாகக் காது டாக்டரிடம் போனார். காதும் ஓர் உறுப்புதான். முழங்கால் தேய்வதைப் போல அதுவும் தேயும். நடுச்சத்தமும் அடிச்சத்தமும் இருபது வயதுக்காரி மாதிரி இருக்கின்றன, உச்சம் மட்டும் போய்விட்டது, திரும்ப வராது என்றார் டாக்டர். அக்கா சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேராக அந்தப் பாட்டுகளின் இசையமைப்பாளரிடம் போனார்.

"வெள்ளிக்கிழமை தர முடியாது. ஒன்பது பாட்டையும் திரும்பச் சேக்கணும். எனக்கு உச்சம் கேக்கல."

இசையமைப்பாளருக்கு வியர்த்துவிட்டது. "எனக்கு அது வைரம் மாதிரி இருந்துச்சேக்கா."

"உண்மையைச் சொல்லுங்க."

"கொஞ்சம்... குத்துச்சு. நீங்க தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு விட்டுட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "வேற ஒருத்தரை வெச்சு சத்தமில்லாம முடிச்சிடலாம். உங்க பேரே இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா யாரும் உங்ககிட்ட வர மாட்டாங்க."

"அடுத்தவன் வேலைக்கு என் பேரா? மூட்டு வலின்னா பாக்கறவங்க கிட்டல்லாம் சொல்றோம், இதுக்கு மட்டும் என்ன ரகசியம்? ஒரு வாரம் குடுங்க. சரியா வரலைன்னா நாற்காலியை விட்டு நானே எழுந்துடறேன்."

அந்த வாரம்தான் அவருக்குப் பரீட்சை. துண்டை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சலவைக்குப் போட்டார். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்தார். பாடகியைப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஏற்பாடு எளிது. கீழிருந்து நடுவரைக்கும் அக்கா. உச்சத்துக்குத் திரையும் பாடகியின் காதும். சீறினால் பாடகி மேஜையைத் தட்ட வேண்டும்.

முதல் நாள் பாடகி எல்லாவற்றுக்கும் தட்டினாள்.

"அக்கா, வயலினைக் கொஞ்சம் எறக்கினா என் குரல் எடுப்பா இருக்கும்."

"உன் காதைத்தான் கேட்டேன். வாயை எதுக்குக் கூட்டிட்டு வந்த?"

"சும்மா ஒரு யோசனை."

"யோசனை என்கிட்ட நெறைய இருக்கு. நீ தட்டு, போதும்."

தனக்குக் கேட்காத ஒன்றை இன்னொருத்தி சொல்லித் திருப்புவது அக்காவுக்கு முதலில் முள்ளாகத்தான் இருந்தது. குமிழைக் குறைப்பார், அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பாடகியின் தோள் தளரும். இரண்டாம் நாளிலிருந்து தோளைப் பார்த்தே திருப்பப் பழகிவிட்டார். நாளுக்கு இரண்டு பாட்டு வீதம் நகர்ந்தது.

நாலாம் நாள், ஏழாவது பாட்டு. பாடகி தட்டவே இல்லை. "சுத்தமா இருக்கு. முடிஞ்சுது" என்றாள். கதவோரம் நின்று கேட்ட இசையமைப்பாளரும் கட்டை விரலை உயர்த்தினார்.

"முடியல" என்றார் அக்கா.

"சீறல் இல்லக்கா. சத்தியமா."

"சீறல் இல்ல. மூச்சும் இல்ல. மூணாவது வரிக்கு முன்னால நீ ஒரு மூச்சு இழுப்ப. சீறலோட சேத்து அதையும் வழிச்சுப் போட்டுட்டோம்."

இருவரும் திரும்பக் கேட்டார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. இசையமைப்பாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை கேட்டார். அக்கா அந்த இடத்துக்கு மட்டும் பழைய பதிவைப் போட்டுக் காட்டினார். அழுகைக்குப் பக்கத்தில் போய் நின்று, வேண்டாம் என்று திரும்பிவிட்ட ஒரு மூச்சு. அது இருந்தால்தான் மூன்றாவது வரிக்கு அர்த்தம். இல்லாவிட்டால் அது வெறும் மெட்டு.

"எனக்கே தெரியலையே" என்றாள் பாடகி. "உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"மூச்சுக்கு ஒசரமும் உண்டு, அடியும் உண்டு. அடி எனக்குக் கேக்கும்."

இசையமைப்பாளர் உள்ளே வந்து ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியை விட்டு எழுவது பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

பாட்டுகள் ஒரு வாரம் தாமதமாக வெளியே போயின. அக்கா அதோடு விடவில்லை. இரண்டு வருடத்தில் சேர்த்துக் கொடுத்த பதினோரு தொகுப்புகளுக்கும் உரியவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். சுற்றி வளைக்கவில்லை. "என் காது மங்கினது தெரியாம அதிகமாக் கூட்டிட்டேன். கொண்டு வாங்க, சரி பண்ணித் தரேன்."

பத்துப் பேர் சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும் பதறிவிட்டார்.

"ஐயோ வேணாம்க்கா! அந்தச் சீறலுக்காகத்தான் பசங்க கேக்கறாங்க. மத்த ஸ்டூடியோல எல்லாம் அதே மாதிரி போட்டுத் தர்றாங்க. 'டெலிபோன் எஃபெக்ட்'னு பேரே வெச்சிட்டாங்க."

அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு, "சரி, அதை வெச்சுக்குங்க. அடுத்தது எப்ப?" என்றார்.

"அடுத்த மாசம். ஆனா... நீங்க பண்றீங்களா?"

"பண்றேன். கூட ஒருத்தர் உக்காருவாங்க, உச்சம் கேக்க. வர்றப்போ பாடறவரையும் கையோட கூட்டிட்டு வாங்க. பேசிப் பாக்கணும்."