ஃபைனல்-2

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருந்தேன். ஷூவின் மேல்தோல் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அட்டையில் அச்செடுத்து, வெட்டும் பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. நியூ, நியூ-1, ஃபைனல், ஃபைனல்-2 என்று கைக்கு வந்த பெயரில் எல்லா ஃபைல்களையும் ஒரே இடத்தில் போட்டுவைப்பேன். எது எதுவென்று எனக்குத் தெரியும் என்ற திமிர்.

ஒரு நாள் வெட்டிய தோல் முழுவதும் அளவு குறைந்து போயிருந்தது. மேனேஜர், வெட்டிய சலீமைப் பிடித்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. நீதான் கோணலா வெட்டியிருக்கே. நாளைலேர்ந்து வராதே."

"அட்டைல இருந்த மாதிரிதான் சார் வெட்னேன்" என்றான் சலீம்.

என் அறைக்குப் போய்ப் பார்த்தேன். திருத்திய அளவு 'ஃபைனல்-2'. நான் கொடுத்ததோ 'ஃபைனல்'. பழையதை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அழிக்கும் பட்டன் மேல் விரலை வைத்தும்விட்டேன். ஜன்னலுக்கு வெளியே சலீம் டிபன் கேரியரோடு கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

மேனேஜரிடம் ஓடினேன். "தப்பு என்னுது சார். பழைய அளவைக் கொடுத்துட்டேன்."

எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினேன். சலீமைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவன் என்னிடம் வந்து, "நல்லவேளை சொன்னீங்க சார். என் கை மேலயே எனக்கு டவுட் வந்துடுச்சி" என்றான்.

அந்த வாரமே ஒவ்வொரு மாடலுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, பழைய அளவுகளைப் பிரித்துவைத்தேன். ஒழுங்கானவன் என்று பெயர் வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.