அந்தப் படம் பாதியில் நின்றது

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வோபர்னில், சனிக்கிழமைப் பிற்பகல்களில் பழைய படங்கள் பார்க்கும் சிறு வட்டம் ஒன்று இருந்தது. நானும் மனைவியும் போவோம். அன்று போட்டது, போர்க்காலத்தில் நாஜிகள் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக எடுத்த பிரசாரப் படம். சோவியத் இரகசியப் பொலிஸ் ஒரு வீட்டுக் கதவை உதைத்து உடைக்கிறது. தகப்பனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துப் போய், நிலவறைச் சுவரோடு நிறுத்திச் சுடுகிறார்கள்.

"எழும்புங்கோ, போவம். இதை ஏன் பார்க்கவேணும்?" என்றாள் மனைவி.

அதற்குள் முன்வரிசையில் இருந்த லாத்வியாக் கிழவர் எழுந்துவிட்டார். ஊன்றுகோலால் திரையைக் காட்டி ஆங்கிலத்தில் கத்தினார். "என் அப்பாவையும் இப்படித்தான் இழுத்துப் போனார்கள்! உடல் கிடைத்தபோது விரல்களில் நகமே இல்லை!"

பின்னால் இருந்த யூதப் பெண்மணி மெதுவாகத்தான் சொன்னார். "அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் படத்தை எடுத்தவர்கள் அதே லாத்வியாவில் என் அம்மாவின் தங்கைகளைக் குழியோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள்."

கிழவர் திரும்பினார். "உன் ஆட்கள்தானே ரஷ்யர்களைக் கூட்டிவந்தது!"

சற்று முன் திரையில் ஒரு நடிகன் சொன்ன அதே பொய்.

பெண்மணி அவரை ஓங்கி அறைந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. கிழவர் பெண்மணியை அடிக்க ஊன்றுகோலை ஓங்கினார். நான் குறுக்கே பாய்ந்தேன். முதல் அடியில் புருவம் கிழிந்து கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. கோலைப் பறிக்கப் போன கையை அவர் கடித்தார். எப்படியோ பறித்தேன். அதை அவருடைய தலைக்கு மேல் ஓங்கி நின்றது, மனைவி அலறியபோதுதான் எனக்கே தெரிந்தது. யாரோ படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

"விசரே உங்களுக்கு? அந்த மனுசனை அடிச்சே சாக்காட்டியிருப்பியள்," என்றாள் மனைவி.

அப்போதுதான் சொன்னேன். ஊரில் போர் நடந்த காலத்தில், ஆயுதம் ஏந்திய இயக்கப் பெடியள் அண்ணாவை வீடு புகுந்து இழுத்துப் போய் மதகடியில் சுட்டது அவளுக்குத் தெரியும். அவர்களோடு போரிட்ட இராணுவம் அந்த உடலைப் படமெடுத்து, சிதைந்த முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து ஊரூராகக் காட்டியது தெரியாது. அம்மாவைக் கொன்ற ஷெல்லை அடித்ததும் அதே இராணுவம்தான்.

"ஆமி படத்திலை காட்டினது பொய்யோ?"

"இல்லை. அண்ணாதான். ஆனா அவங்கள் அண்ணாவுக்காக அதைக் காட்டேல்லை."

அவள் என் கட்டுப்போட்ட கையைப் பிடித்தாள். பிறகு, "ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று அழுதாள்.

பொலிஸ் வந்து கேட்டது. நான் முறைப்பாடு கொடுக்கவில்லை. அந்தப் பெண்மணியும் கொடுக்கவில்லை. கிழவர் மண்டப வாசலில் மகளின் காருக்குள் ஏறும்போது, தன் தகப்பனுடைய பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.